மூணு சங்கிலிக்கு ரெண்டு லிங்க்ஸ் குறைச்சல்

முரல்தீவுக்கும் கரைக்கும் நடுவில் கிடந்த கடல் ஐந்து நாள் காணாமற்போனதற்கு நான்தான் காரணம் என்று சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் நம்புவதில்லை; நான் சொல்வதில் என் வயது ஒன்றுதான் நம்பத்தக்கது என்று மருமகள் சொல்லித் திரிகிறாள், பாவம், அதிலும் மூன்று வருஷத்தை நான் குறைத்துவைத்திருப்பது அவளுக்குத் தெரியாது. நீங்களும் நம்பவேண்டாம். நடுவில் எழுந்துபோகாமல் இருந்தால் போதும்.

நான் ஆவுடையப்பன், முப்பத்து நான்கு வருஷம் நிலம் அளந்து ஓய்வுபெற்றவன். ஊரில், உறவில், மகன் கல்யாணப் பத்திரிகையில், எல்லா இடத்திலும் சர்வேயர். உங்களிடம் மட்டும் சொல்கிறேன், நான் செயின்மேன்; அதாவது சர்வேயர் கருவிக்குப் பின்னால் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்க, எதிரே முள்ளிலும் சேற்றிலும் சங்கிலியை இழுத்துக்கொண்டு போகிறவன், கல் நடுகிற நாளில் கல்லைத் தலையில் சுமக்கிறவன். பெண் பார்க்கப் போன இடத்தில் காப்பி நன்றாக இருந்த சந்தோஷத்தில் ஒரு படி உயர்த்திச் சொல்லிவிட்டேன், ஏறிய படியிலிருந்து இறங்க அப்புறம் வழி அமையவில்லை. என் மனைவி பிரமுவின் அண்ணன் குற்றாலிங்கம், கணக்கு வாத்தியார், அன்றைக்கே என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு சர்வேயர் கையில் இவ்வளவு காய்ப்பா என்று கேட்டார். வாலிபால் ஆடுவேன் என்றேன். அதிலிருந்து நாற்பத்தோரு வருஷமாக அவர் ஒரு தூரம் சொன்னால் நான் வேறொரு தூரம் சொல்வேன். அவர் மதுரை இத்தனை கிலோமீட்டர் என்றால், அது பஸ் போகிற தூரம், நிலத்தின் தூரம் வேறு என்பேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் இருந்தது, எந்தத் தாலுகா என்று கேட்காதீர்கள். வெயில் ஏறிவிட்டால் சர்வேயர் புளியமர நிழலில் அமர்ந்து புத்தகத்தைத் திறந்து, "வடக்கு வரப்பு எவ்வளவுடே?" என்பார், சுருட்டிய சங்கிலியின் மேல் உட்கார்ந்தபடியே நான் ஓர் எண்ணைச் சொல்வேன், அவர் எழுதிக்கொள்வார். முழு எண்ணாகச் சொல்லக் கூடாது, மேலே பார்க்கிறவருக்குச் சந்தேகம் வரும். அதனால் நாலு சங்கிலிக்கு ஏழு லிங்க்ஸ் கூட, மூணு சங்கிலிக்கு ரெண்டு லிங்க்ஸ் குறைச்சல், இப்படித்தான் சொல்லவேண்டும். நூறு லிங்க்ஸ் ஒரு சங்கிலி, ஒரு சங்கிலி அறுபத்தாறு அடி. இந்தக் கதையில் இது ஒன்று மட்டும் சத்தியம்.

இப்படிப்பட்ட என்னை மகன், "அப்பா கொஞ்ச நாள் பேசாமல் இருக்கட்டும்" என்ற நல்ல எண்ணத்தில், பிரமுவோடு சேர்த்து முரல்தீவுக்கு விடுமுறைக்கு அனுப்பினான். கரையிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர், படகில் இரண்டு மணி நேரம், காற்று எதிர்த்தால் மூன்றரை. தொண்ணூறு வீடு, ஒரு மாதா கோயில், ஒரே ஒரு நல்லதண்ணீர்க் கிணறு, தீவின் தென்கோடியில் கல்லறைத் தோட்டம். செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. அதுதான் அந்த இடத்தின் விசேஷம் என்று மகன் சொன்னான். கோயிலின் விருந்தினர் வீட்டில் இருபது நாள், மூன்று வேளையும் மீன்.

மூன்றாம் நாள் காலை, சொல்ல வெட்கம்தான், தாழம்புதருக்குப் பின்னால் ஒதுங்கப் போன இடத்தில் அந்தக் கல்லைப் பார்த்தேன். எனக்குக் கல்லைத் தெரியும். எல்லைக் கல், மூன்று கிராமம் சேர்கிற முச்சந்திக் கல், மலை உச்சியில் வெள்ளைக்காரன் காலத்தில் நட்ட கல், எல்லாவற்றையும் தலையில் வைத்துப் பார்த்தவன். இது எதுவும் இல்லை. முழங்கால் உயரம், கறுப்பு, மூன்று பக்கம், வழுவழுப்பு. அம்புக்குறி இல்லை. உச்சியில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு புள்ளி, அந்தப் புள்ளியும் நடுவில் இல்லாமல் யாரோ தூக்கக் கலக்கத்தில் குத்தினாற்போல ஓரமாக. கீழே எண் இருக்கவேண்டிய இடத்தில் சுழியம்.

பக்கத்தில் ஆடு கட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் இது எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டேன். போன அமாவாசை வரைக்கும் இல்லை, அப்புறம்தான் முளைத்தது, ஆடு கட்ட வசதியாக இருக்கிறது என்றாள்.

அதற்குள் உபதேசியார் தொம்மை வந்துவிட்டார். கோயில் மணி அடிப்பது, செபம் சொல்லிக்கொடுப்பது, ஊர்க் கமிட்டி நோட்டில் எழுதுவது எல்லாம் அவர்தான். அவர் பின்னால் ஏழெட்டுப் பேர், அவர்களுக்குப் பின்னால் பிரமு. சர்வேயர் ஐயா, இது என்ன கல் என்று உபதேசியார் கேட்டார். தெரியாது என்ற சொல் என் வாயில் பழக்கமில்லாத சொல். கல்லின் மேல் ஏறி உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, இது மூலக் கல், இந்தியா முழுதும் இங்கிருந்துதான் அளந்தது, எங்கள் உத்தியோகத்தில் மிகச் சிலருக்கே தெரியும் என்றேன். அப்படியென்றால் இங்கிருந்து கோயில் எவ்வளவு என்று கேட்டார். ஒரு சங்கிலிக்கு அஞ்சு லிங்க்ஸ் கூட என்றேன். வாயில் வந்தது அது. உண்மையில் கால் மைலுக்குக் குறையாது.

உபதேசியார் மத்தியான மணி அடிக்கக் கிளம்பி, வழக்கம்போல் வழிக்கென்று ஒரு பீடியைப் பற்றவைத்தார். இரண்டாவது இழுப்புக்குள் மணிக்கூண்டுக் கயிறு கையில் இருந்தது. வந்தாயிற்றே என்று அடித்தும்விட்டார். உலையில் அரிசி வேகாத பெண்கள் முன்கூட்டி மணி அடித்ததற்காக அவரைத்தான் திட்டினார்கள், என்னை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நடுவில் இருந்த முப்பது வீடும் இரண்டு வேப்பமரமும் அப்படியே இருந்தன, எதுவும் நசுங்கவில்லை. கால்தான் சீக்கிரம் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலையிலேயே கல்லைச் சுற்றிக் குடங்களோடு கூட்டம். எங்கள் தெருவுக்குக் கிணறு எவ்வளவு தூரம் என்று சொல்லுங்கய்யா என்றார்கள். பதினெட்டு லிங்க்ஸ் என்றேன், கிணறு வாசலுக்கு வந்தது. ஒரே சுவரில் குடியிருந்த அண்ணன் தம்பி இருவர், பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், தனித்தனியாக வந்து தூரம் கூட்டித் தரச் சொன்னார்கள், தந்தேன், சுவர் அதே சுவர்தான், ஆனால் அண்ணன் ராத்திரி விட்ட குறட்டை தம்பிக்குக் காலையில் காப்பி குடிக்கும்போதுதான் வந்து சேர்ந்தது. பெண்டாட்டி செத்து ஆறு வருஷமான கஸ்பார் என்ற கிழவர், இரண்டு முழங்காலும் போனவர், ஊர்ந்து ஊர்ந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போய்த் திரும்புவதிலேயே பாதி நாள் தீருகிறவர், கடைசியாக வந்து கும்பிட்டு நின்றார். அவருக்குச் சங்கிலிக் கணக்கு வேண்டாம் என்று, பதினாலு எட்டு என்றேன். அன்று சாயங்காலம் அவர் தன் வாசலில் வெற்றிலை மடித்து, பதினாலு எட்டு நடந்து, அங்கே உட்கார்ந்து அதைப் போட்டுக்கொண்டதாகச் சொன்னார்கள்.

ஆகாயத்தைப் பார்த்து யாரும் வாயைப் பிளக்கவில்லை. கமிட்டி கூடியது. ஒரு வீட்டுக்கு ஒரு தூரம்தான், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற வரைக்கும் எதையும் நகர்த்தக் கூடாது, ஐயா மத்தியானம் தூங்கும்போது எழுப்பக் கூடாது, கொழுந்தியாள் வீட்டைக் கிட்டே கொண்டுவர மனைவியின் சம்மதம் வேண்டும் என்று தீர்மானம் போட்டு, கொடுத்த தூரமெல்லாம் நோட்டில் ஏறியது. ஒரு நாள் எனக்கே மனசாட்சி உறுத்தி டேப் வாங்கி ஓர் இடத்தை ஒழுங்காக அளந்து சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. கல்லுக்கு நான் புளியமரத்தடியில் உட்கார்ந்து சொல்வதுபோலச் சொல்லவேண்டும், யோசிக்காமல், கூசாமல், ரெண்டு லிங்க்ஸ் குறைச்சலோடு. முப்பத்து நான்கு வருஷ அனுபவம் இப்படியும் ஒரு நாள் உதவும் என்று நான் நினைத்ததில்லை.

எட்டாம் நாள் சந்தியாகு வந்தார். இரண்டு படகு வைத்திருப்பவர், கமிட்டித் தலைவர், அதுவரை தனக்கென்று எதுவும் கேட்காதவர். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்.

"ஐயா, எம் மக ஜெனோவாவுக்கு ஒம்பதாம் மாசம். முத ரெண்டும் படகுலயே போச்சு. ஒண்ணு பாதி வழில, ஒண்ணு கரை கண்ணுல தெரிஞ்ச பிறகு."

கையைக் கடல் பக்கம் நீட்டினார்.

"முன்கூட்டியே கரைக்குக் கூட்டிப் போகலாம்னா டாக்டரம்மா படகுல அவள அசைக்கக் கூடாதுங்காங்க. நீங்க கரை எவ்வளவு தூரம்னு சொல்லிட்டியன்னா போதும்."

கல்லில் ஏறி உட்கார்ந்தேன். ஒரு சங்கிலி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக, சொல்வதற்குமுன் யோசித்தேன். ஒரு சங்கிலி சொல்லி அது பாதியில் நின்றுவிட்டால்? சொன்னேன். கடல் இருந்த இடத்தில் இருந்தது. நாலு சங்கிலிக்கு ஏழு லிங்க்ஸ் கூட என்றேன், கடல் ஒரு நண்டளவுகூட நகரவில்லை. சந்தியாகு எழுந்து, பரவாயில்லய்யா, நாளைக்குப் பாப்போம் என்று துண்டை உதறிக்கொண்டு போனார். கிணற்றையும் குறட்டையையும் நகர்த்துகிறவனுக்கு இது முடியாதா என்று அவர் கேட்டிருந்தால்கூடத் தேவலை.

அதற்கப்புறம் மூன்று நாள் நான் செய்த கூத்தைப் பிரமு மட்டும்தான் பார்த்தாள். குளிக்கும்போது எண் சொல்லிப் பார்த்தேன், கண்ணாடி முன் நின்று கூசாமல் சொல்லப் பழகினேன், பொய் சொல்வதற்குப் பயிற்சி எடுத்த மனிதன் என்று என்னைத் தவிர இந்த ஜில்லாவில் யாரும் இருக்க முடியாது. சின்ன விஷயத்துக்குப் பொய் சரளமாக வருகிறது, பெரிய விஷயத்துக்கு வாய் உண்மை பேசத் தொடங்கிவிடுகிறது. இப்படி ஒரு வியாதி எனக்கு இருப்பது அதுவரை தெரியாது.

பதினோராம் நாள் காலை பத்து மணிக்கு ஜெனோவாவுக்கு வலி எடுத்தது. அன்று பார்த்து தெற்கிலிருந்து சோழகக் காற்று. அலை கோயில் மதில் உயரத்துக்கு எழுந்து விழுந்தது. எந்தப் படகும் இறங்க முடியாது. செவ்வாய்க்கிழமைதோறும் வருகிற நர்ஸ் வருவதற்கு இன்னும் நாலு நாள் இருந்தது. ஊர் மொத்தமும் கல்லைச் சுற்றி நின்றது. ஜெனோவாவைக் கயிற்றுக்கட்டிலோடு தூக்கிவந்து சந்தியாகுவின் படகில் வைத்திருந்தார்கள். அவள் முனகவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சொன்னேன். ஐந்து எண் சொன்னேன். ஒவ்வொன்றும் தேர்வில் தோற்கப்போகிற பிள்ளையின் விடைபோல வெளியே வந்து மணலில் விழுந்தது.

அப்போதுதான் பிரமு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள், ஒரு கையில் பாதி நறுக்கின வெண்டைக்காயோடு. படகைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"எங்க அண்ணன் போன் பண்ணுனாரு," என்றாள்.

இந்த நேரத்திலா என்று பார்த்தேன்.

"நீங்க கல்லு மேல உக்காந்திருக்கிறதச் சொன்னேன், சிரியா சிரிக்காரு. கரைக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர்னு மேப்புலயே போட்டிருக்கு, உம் புருசன் எந்தக் காலத்துல எத அளந்தான்னு கேக்காரு."

எனக்குக் கோபம் உள்ளங்காலிலிருந்து ஏறியது. ஜெனோவா மறந்துபோனாள், காற்று மறந்துபோனது, பெண் பார்க்கப் போன அன்றைக்கே என் கையைப் புரட்டிப் பார்த்த குற்றாலிங்கத்தின் மூக்குக் கண்ணாடி மட்டும் கண்ணுக்கு முன்னால் பளபளத்தது.

"உங்க அண்ணனுக்கு மேப்பு தெரியும். கடல் தெரியுமா? மூணு சங்கிலிக்கு ரெண்டு லிங்க்ஸ் குறைச்சல். நான் அளந்தது, இந்தக் கையால அளந்தது, வேணும்னா வந்து அளந்து பாக்கச் சொல்லு."

சொல்லி முடித்து நிமிர்ந்தபோது எதிரே கரை நின்றது. துறைமுகத்து டீக்கடை, அதன் வாசலில் பெஞ்சு, பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர். காற்று அதே வேகத்தில்தான் அடித்தது, ஆனால் மூன்று சங்கிலிக் கடலில் நாலு அலைக்குத்தான் இடம் இருந்தது. மீதி அலையெல்லாம் எங்கே போவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றது. சந்தியாகு எட்டுத் துடுப்பு போட்டார். பேப்பர்காரர் எழுந்து கட்டிலுக்கு ஒரு கை கொடுத்தார். மத்தியான மணி அடிப்பதற்குள் பெண்குழந்தை பிறந்த செய்தி இந்தப் பக்கம் கேட்டது, கத்திச் சொன்னார்கள்.

ஐந்து நாள் அப்படி இருந்தது. டீக்கடைக்காரர் டீக்குச் சர்க்கரை எத்தனை கரண்டி என்று அங்கிருந்தே கத்திக் கேட்டுப் பழகி, தன் பையனுக்காகப் பெண் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் குரல் கொடுக்கத் தொடங்கிவிட்டார். கரை நாய்கள் நீந்திவந்து தீவு நாய்களோடு சண்டைக்கு நின்றன. இங்கே யார் வீட்டில் என்ன குழம்பு என்று அங்கே தெரிந்தது, அங்கிருந்து புளி குறைவு என்று யோசனை வந்தது. ஆனால் வலையை வீசினால் அடுத்த நுனி கரையில் போய் விழுந்தது; ஒரு நாள் ஏழு செருப்பும் ஒரு குடையும் வந்தது, முரல் மீன் ஒன்றுகூட இல்லை. அகலமில்லாத தண்ணீருக்குள் மீன் வருவதற்குக் கூச்சப்பட்டது. ஜெனோவா பிள்ளையோடு அந்த மூன்று சங்கிலித் தூரத்தைப் படகில் கடந்து வீடு வந்த அன்றைக்கு, சந்தியாகு மறுபடியும் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார்.

"ஐயா, தப்பா நினைக்காதிய. கடலத் திருப்பிக் குடுத்துருங்க. அடுப்பு எரியல."

கல்லில் உட்கார்ந்து இருபத்திரண்டு கிலோமீட்டர் என்றேன். ஒன்றும் நடக்கவில்லை, அது உண்மை, கல்லுக்கு அதில் செய்ய ஒன்றுமில்லை. வேறு வழி என்னவென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது, தெரிந்ததனால்தான் ஒரு பகலும் இரவும் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். சொன்னதைத் திரும்பப் பெறவேண்டும். ஊர் முன்னால், பிரமு முன்னால். நாற்பத்தோரு வருஷம் கட்டிய வீட்டை நானே கடப்பாரை எடுத்து இடிக்கவேண்டும். அதிலும் குற்றாலிங்கம் ஜெயிப்பார்.

மறுநாள் கல்லில் ஏறினேன். எதிரே தொண்ணூறு வீட்டு ஜனம், அக்கரையில் டீக்கடை ஜனம், முன்வரிசையில் பிரமு, சேலைத் தலைப்பால் வெயிலை மறைத்துக்கொண்டு.

"நான் சர்வேயர் இல்ல," என்றேன். கரை ஒரு படகு நீளம் பின்னால் போயிற்று. "செயின்மேன்." இன்னும் கொஞ்சம்.

"செயின்மேன்னா யாருய்யா?" என்றார் சந்தியாகு.

"சங்கிலி இழுக்கிறவன்."

"அப்போ நடந்தது நீங்கதானே. அவரு எழுதத்தானே செஞ்சிருப்பாரு."

அந்த இடத்தில் இறங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் கௌரவம் மிஞ்சியிருக்கும். ஆனால் டீக்கடைப் பெயர்ப்பலகை இன்னும் படிக்கிற தூரத்தில்தான் இருந்தது. நடக்கவும் இல்லை என்றேன். மரத்தடியில் உட்கார்ந்து எண் சொன்னேன் என்றேன். கடலை அளந்ததில்லை, கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதே இல்லை என்றேன். பலகை புள்ளியாயிற்று. அப்புறம் உபதேசியார் கமிட்டி நோட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக வாசிக்க, கோயிலை, கிணற்றை, குறட்டையை எல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டேன். கஸ்பார் வீடு, கல்லறை என்ற வரி வந்தபோது எனக்கு இருமல் வந்தது. நீண்ட இருமல். உபதேசியார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார், விரலில் எச்சில் தொட்டார், பக்கத்தைப் புரட்டினார்.

கடைசியில் மிச்சமிருந்தது ஒன்று. "இது என்ன கல்லுன்னு எனக்குத் தெரியாது," என்றேன். கரை மொத்தமாக மறைந்தது. கடல் தன் அகலத்துக்கு ஒருமுறை நெளிந்து படுத்தது.

பிரமுவைப் பார்த்தேன். "முடிஞ்சுதா?" என்றாள். "சோறு ஆறுது."

திரும்பும்போது படகில் இரண்டு மணி நேரம். பாதி வழிவரை நான் வாயைத் திறக்கவில்லை, சந்தியாகு பயந்துபோய் ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். பிரமுதான் பேச்சை எடுத்தாள்.

"உங்க கையப் பிடிச்சுத்தானே மணவறையச் சுத்தினேன். எங்க அண்ணன் பதினாறு வருஷம் வாலிபால் ஆடினவரு. வாலிபால் ஆடுத கை எனக்குத் தெரியாதா?"

"அப்போ ஏன் கேக்கல?"

"நல்லாச் சொன்னிய. கேட்டுக்கிட்டே இருந்துட்டேன்."

அப்போதுதான் உறைத்தது. "ஏட்டி, தீவுல சிக்னலே கிடையாதே. உங்க அண்ணன் எப்படிப் போன் பண்ணுனாரு?"

"ஏன், உங்களுக்கு மட்டுந்தான் வருமோ?" என்றாள்.

எட்டு மாசம் கழித்து உபதேசியாரிடமிருந்து கடிதம் வந்தது. ஜெனோவாவின் மகள் தவழ்கிறாள். அந்தக் கல்லை ஒரு நாள் காலையில் காணவில்லை, ஆட்டுக் கயிறு மட்டும் வட்டமாகக் கிடந்தது. ஆட்டை இப்போது வேப்பமரத்தில் கட்டுகிறார்கள். தீவை அளப்பதற்கு ஓர் அதிகாரியும் ஆட்களும் வந்திருந்தார்களாம், விண்வெளியோடு பேசி அளக்கிற கருவியோடு. எல்லாத் தூரமும் பழைய மேப்போடு சரியாக வந்திருக்கிறது. கஸ்பார் வீட்டுத் தெருவுக்கு வரும்போது கருவியில் பேட்டரி தீர்ந்து, வெயிலும் ஏறி, அதிகாரி புங்கமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு செயின்மேனை மட்டும் டேப்போடு கல்லறை வரைக்கும் அனுப்பியிருக்கிறார். செயின்மேன் போனான், உடனே வந்தான், மறுபடியும் போனான், வந்தான். கஸ்பார் வாசலில் நின்று ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தான். வெற்றிலையோடு பதினாலு எட்டு நடந்துபோகிற கிழவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எவ்வளவுடே?" என்று அதிகாரி மரத்தடியிலிருந்து கேட்டாராம்.

"நானூறு மீட்டருக்கு ரெண்டு குறைச்சல் சார்," என்றானாம்.

யார் பெற்ற பிள்ளையோ, வேலை தெரிந்தவன்.